மிசுனாக் கிண்ணம்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எனாமல் கிண்ணம் இருக்கிறது. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு. அந்தக் கோட்டில் ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு எனாமல் பெயர்ந்து உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். வாங்கவில்லை, என்னுடையதும் இல்லை என்பேன். யாருடையது என்று அடுத்த கேள்வி வந்தால் காப்பி போடட்டுமா என்று பேச்சை மாற்றிவிடுவேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரத்தை இத்தனை வருடமாகக் கையில் வைத்துக்கொண்டிருப்பவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

அது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் எனக்கு மாடியறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவின் கிண்ணம். இரண்டாயிரங்களின் நடுவில், கோவில்பட்டியில் படித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்த என்னைக் கம்பெனி இரண்டு வருட வேலைக்காக அங்கே அனுப்பியது. ஒரு பெரிய சரக்குக் கிட்டங்கியில் எந்த லாரி எந்த வாசலில் எப்போது வந்து நிற்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதும் வேலை. லாரிகளுக்கு வழி சொல்லத் தெரிந்த எனக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் முடிந்ததும் எங்கே போவது என்று தெரியாது. சக ஊழியர்கள் 'நல்ல வாரயிறுதி' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சொல்வேன். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்பதில்லை. அம்மாவுடன் தொலைபேசியில் பேசும் பத்து நிமிடம் மட்டும் விதிவிலக்கு.

டிராம் வண்டி வட்டமடித்துத் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கு அருகில், ஒடுக்கமான இரண்டு மாடி வீடு அது. வீட்டுக்காரம்மா அதே தடத்தில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்திலும் ஓட்டினார், அது இல்லாமல் போன பிறகும் ஓட்டினார். தண்டவாளம் அதே தண்டவாளம்தான் என்பார். எழுபத்து நாலு வயது, நெடிய உருவம், கனத்த குரல், ஒட்ட வெட்டிய தலைமுடி. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஜப்பானில், கியோத்தோவில், அந்த ஊர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மன் மொழி கற்பித்துக்கொண்டிருந்தார்.

அறையை எனக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்தது அந்த மகள்தான். தொலைபேசியில் என்னிடம் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. சாயங்காலங்களில் வீட்டில் இருப்பீர்களா? தூக்கம் ஆழமானதா? கீழே யாராவது விழுந்தால் உங்களுக்குக் கேட்குமா? இந்த மூன்றே கேள்விகள். முந்தைய குளிர்காலத்தில் வீட்டுக்காரம்மா நிலவறைப் படியில் தவறி விழுந்து, மறுநாள் மதியம் தபால்காரர் வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். அன்றைக்கே மகள் சொல்லிவிட்டாராம்: வீட்டில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதியோர் இல்லம். அறையைக் காட்டும்போது வீட்டுக்காரம்மா இதையெல்லாம் மறைக்கவில்லை. "நீங்கள் இங்கே என் மகளுக்காக இருக்கிறீர்கள், எனக்காக இல்லை," என்றார். "எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது." சரி என்றேன். சன்னலையும் கட்டிலையும் போல நானும் அந்த வீட்டின் ஒரு வசதி என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

முதல் கிண்ணம் வந்தது நவம்பர் மாதத்தில். சாயங்காலம் மணி ஆறு. ஆறு என்றால் ஆறு, ஆறு ஒன்று இல்லை. அவர் மாடிக்கு ஏறுவதில்லை. விழுந்ததிலிருந்து மகளுக்குக் கொடுத்த வாக்கு அது. கீழ்ப்படியில் நின்று கைப்பிடிக் கம்பியை ஒரு கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். இறங்கிப் போய்ப் பார்த்தால் நீலக் கோடு போட்ட கிண்ணம் நிறையப் பச்சை இலை. ஒவ்வோர் இலையும் செவ்வந்தி இலையைப் பிடித்து நீளமாக இழுத்துவிட்டதுபோல ஓரமெல்லாம் பல்பல்லாக, வெள்ளைக் காம்போடு இருந்தது. பெயர் மிசுனா என்றார். ஜப்பான் கீரை. மகள் ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் விதைப் பாக்கெட் அனுப்புவார். பழைய சன்னல் கண்ணாடிகளைப் பெட்டிபோல அடித்து, அதன் கீழே விதைத்தால் பனியிலும் சாகாது. "நீங்கள் சைவம் என்று சொன்னீர்களே," என்று கிண்ணத்தை நீட்டினார். எண்ணெயும் வினிகரும் உப்பும் போட்டுப் பிரட்டியிருந்தார்.

எங்கள் வீட்டில் பச்சைக் கீரை மாட்டுக்குப் போடுவது. சைவம் என்றால் பருப்பும் சாம்பாரும் பொரியலும்தான், புல்வெளியில் இறங்கி மேய்வது அல்ல என்று அவருக்கு எப்படி விளக்குவது? அதுவும் எனக்கு இருந்த அரைகுறை ஜெர்மனில்? மேலே வந்து இரண்டு வாய் மென்று பார்த்தேன். குறை சொல்லவும் முடியாது, புகழவும் முடியாது. கடுகுக் குடும்பத்துச் செடியாம். ஆனால் கடுகு அந்தப் பக்கமாக நடந்து போன வாசனைதான் இருந்தது. மெல்ல மெல்ல நீர் விட்டதே தவிர, ருசி என்று ஒன்று நாக்கில் நிற்கவில்லை. மிச்சத்தை வடிகட்டியில் கொட்டி, வினிகர் போகும்வரை குழாயில் அலசி, எட்டு மணிக்குப் பாசிப்பருப்போடு வேக வைத்து, சீரகமும் வரமிளகாயும் தாளித்துச் சாப்பிட்டேன். தாளிக்கிற வாசனை கீழே இறங்கிவிடக் கூடாதென்று அந்தக் குளிரில் சன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் கொடுத்ததை நான் அவர் கொடுத்தபடி தின்னவில்லை என்று தெரிந்தால் வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அம்மாவின் குரல் காதில் விழுந்தது. அடுத்த வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வந்தால் அம்மா அந்தப் பாத்திரத்தைச் சும்மா அனுப்பவே மாட்டாள். "வெறும் ஏனத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாதுடா. ஒரு கை சீனியாவது போட்டுக் குடு." அன்றைக்கு என்னிடமும் சீனிதான் இருந்தது. இரண்டு கரண்டி போட்டுக் காலையில் அலுவலகம் போகும்போது கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போனேன்.

அன்று சாயங்காலம் வந்த கீரை இனித்தது. எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, சீனி தூவியிருந்தார். மறுநாள் காலை நான் மறுபடி சீனி வைத்தேன். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் இனிப்பு ஏறியது. ஒரு வாரத்தில் என் பாசிப்பருப்பு பாயசமாகிவிடும் நிலைக்கு வந்துவிட்டது. பிறகுதான் பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் சாலட்டுக்குச் சீனி போடுவார்களாம். அவருடைய கணவர் சீனி இல்லாமல் ஓர் இலையைத் தொட மாட்டாராம். நான் அனுப்பிய சீனியைப் பார்த்துவிட்டு, இந்த இந்தியாக்காரரும் அதே கட்சி, வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறார் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். "ஆறு வருடத்துக்குப் பிறகு சாலட்டுக்குச் சீனி போடுகிறேன்," என்று சொன்னபோது அந்தக் கனத்த குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கு மேல் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? வாழைப்பழம், ஆரஞ்சு, வறுத்த முந்திரி என்று நான் வேறு பொருளுக்கு மாறிக்கொண்டேன். சீனி கீரையை விட்டுப் போகவில்லை.

ரயில் நிலையத்துக்குக் கிழக்கே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் நடத்திய சின்னக் கடையில்தான் நான் பருப்பும் கறிவேப்பிலையும் வாங்குவேன். ஒருநாள் ஒரு பிடி மிசுனாவைப் பையில் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்தார், ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். "ஒரு குணமும் இல்லாத கீரை தம்பி. ஆனாக் கெடுதலும் இல்லை. தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை வறுத்துப் பாருங்கோ, அப்பதான் வாயில வைக்கலாம்," என்றார். வீட்டுக்காரம்மா பச்சையாக, அதுவும் சீனி போட்டுத் தருகிறார் என்றதும் சிரித்துவிட்டார். "அந்த மனுசியோட இருந்து ஒருக்காச் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அந்த மனுசி கீரையைத் தரேல்லை தம்பி. உங்களைச் சாப்பிடக் கூப்பிடுது." நான் பருப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கூப்பிடாமலும் இல்லை. டிசம்பரில் ஒருநாள் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, "கீழே இரண்டாவது நாற்காலி ஒன்று இருக்கிறது," என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அவர் முன்னால் உட்கார்ந்து இனிப்புக் கீரையைப் பச்சையாக மென்று விழுங்க வேண்டுமே என்ற பயம். மொழி தட்டுத்தடுமாறும் என்ற கூச்சம். அடுத்த வாரம் வந்தது, நான் போகவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. ஒரே நிறுத்தத்தில் இரண்டு முறை நிற்கிற டிராம் எங்கேயும் கிடையாது. பேச ஆளில்லை என்று மேலே ஒருவன் தலையணையைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே ஒருத்தி வானொலியைப் போட்டுவிட்டுத் தனியாக ரொட்டி தின்ற அந்தக் குளிர்காலத்தை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. நடுவில் பதினைந்து படிகள்தான்.

சனிக்கிழமைகளில் மேல் சன்னலிலிருந்து அவர் கீரை அறுப்பதைப் பார்ப்பேன். விளக்குமாற்றால் கண்ணாடியின் மேல் கிடக்கும் பனியைத் தள்ளுவார். அந்தக் கண்ணாடியைத் தூக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்து, குனியாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து இரண்டு விரல்கடை விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுவார். வேரைத் தொட மாட்டார். வெட்டிய இடத்திலேயே பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி தழைத்துவிடும். ஊரெல்லாம் வெள்ளையாகக் கிடக்க அந்த ஒரு பாத்தி மட்டும் பச்சையாக இருக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஜப்பானிலிருந்து மகள் கூப்பிடுவார். வீட்டுக்காரம்மாவின் குரல் டிராம் கூட்டத்தில் பழகிய குரல் என்பதால் மேலே முழுவதும் கேட்கும். பிப்ரவரி வாக்கில் என் ஜெர்மன் கொஞ்சம் தேறியிருந்தது. ஒரு ஞாயிறு அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. "ஆமாம், உன் மிசுனா நன்றாக வந்திருக்கிறது. ஆமாம், தினமும் அவர் என்னோடுதான் சாப்பிடுகிறார். ஆறு மணிக்கு. இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடிக்கிறது." நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான் தினமும் சாப்பிடுகிற அந்த மேஜையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஏப்ரலில் மகள் ஊருக்கு வந்தார். அதற்கு முந்தின நாள் ஆறு மணிக்குக் கிண்ணத்தைக் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மா சொன்னார்: "நாளைக்கு ஆறு மணிக்கு நீங்கள் கீழே சாப்பிடுகிறீர்கள்." நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வழக்கம்போல," என்று சேர்த்தார். எனக்குப் புரிந்தது. எது எதற்கோ நாடகம் ஆடுகிறோம், இவர் தன் வீட்டில் இருப்பதற்காக ஆடினால் என்ன குறைந்துவிடும்? மறுநாள் அலுவலகத்தில் லாரிகளைக் கவனிக்காமல் வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மெலிந்தவர், அம்மாவின் உயரம். எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். சன்னலோரத்து நாற்காலி என்னுடையது என்று வீட்டுக்காரம்மா காலையிலேயே சைகை காட்டி வைத்திருந்ததால் நேரே போய் அதில் உட்கார்ந்தேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, முள்ளங்கி, நடுவில் கண்ணாடிப் பாத்திரம் நிறைய இனிப்பு மிசுனா. ஒரு தட்டு முழுவதும் சாப்பிட்டேன், இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன். அம்மாவின் கீரை பிடித்திருக்கிறதா என்று மகள் கேட்டார். மிகவும் என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் அம்மா சொல்வார், நான் பாதிதான் நம்புவேன்," என்று சிரித்தார். தோள் தளர்ந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சரி அம்மா. இல்லத்தைப் பற்றி இந்த வருடம் பேச வேண்டாம்." வீட்டுக்காரம்மா முள்ளங்கியை நறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் மேஜைக்கடியில் அவருடைய வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டிராம் மணியைக் காலால்தான் அடிப்பார்களாம்.

அத்தோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். முந்தின நாள் கிண்ணத்தை நான் காலையில் படியில் வைக்கவில்லை. மகள் வரும் நாளாயிற்றே, நல்லதாக ஏதாவது போட்டுக் கையில் கொடுப்போம் என்று வைத்திருந்து, கோவில்பட்டியிலிருந்து அம்மா அனுப்பிய கடலை மிட்டாயை நிறைய அடுக்கி எடுத்து வந்திருந்தேன். மகள் ஒன்றைக் கடித்துவிட்டு, பிரமாதம், இது என்ன என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரனிடம் கடலை மிட்டாயைப் பற்றிக் கேட்கலாமா? ஆரம்பித்துவிட்டேன். கரிசல் மண்ணில் விளையும் நிலக்கடலை, மண்டை வெல்லம், பாகு பதம். அது முடிந்ததும் இதை ஏன் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். நம் ஆட்களிடம் பிற நாட்டவர் நம் வழக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், உட்கார்ந்திருப்பவன்கூட எழுந்து நின்று பேசுவான். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவதில்லை என்றேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "கிண்ணம் மேலே வந்தால், மறுநாள் காலையில் ஏதாவது போட்டுப் படியில் வைத்துவிட்டுத்தான் அலுவலகம் போவேன். நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட வெறும் கிண்ணத்தை வைத்ததில்லை," என்று பெருமையாக முடித்தேன்.

மேஜைக்கடியில் கால் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் முதலில் தெரிந்தது. மகள் திறந்திருந்த கதவு வழியாக மாடிப்படியைப் பார்த்தார். "மேலேயா?" என்றார்.

வீட்டுக்காரம்மாதான் பேசினார். "அவர் மேலே சாப்பிடுகிறார். நான் கீழே சாப்பிடுகிறேன். ஒரே வீடு, ஒரே கீரை. அதைச் சேர்ந்து சாப்பிடுவது என்று சொன்னேன்." பிறகு கடலை மிட்டாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். "பல்லுக்குக் கெட்டியாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது," என்றார். அவர் குரலில் என் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தோட்டத்தில் மகளைப் பார்த்தேன். மிசுனாவில் பாதிச் செடிகள் நெட்டையாக வளர்ந்து கடுகுப் பூப்போல மஞ்சளாகப் பூத்துவிட்டிருந்தன. என் மேல் தப்பு என்று ஆரம்பித்தேன். அவர் தலையசைத்து நிறுத்தினார். சாப்பாடு விஷயமே இல்லை என்றார். இதிலேயே இப்படிப் பொய் சொன்ன அம்மா, மாத்திரை போட்டேன், படி ஏறவில்லை, தலை சுற்றவில்லை என்பதையெல்லாம் எப்படிச் சொல்லியிருப்பார்? அத்தனை தூரத்திலிருந்து குரலை மட்டும்தானே நம்ப முடியும் என்று கேட்டார். நான் அந்தக் கீரையைப் பருப்போடு வேக வைத்துத்தான் சாப்பிடுகிறேன் என்று அப்போது ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். "எங்கள் வீட்டிலும் குளிர்காலத்தில் பெரும்பாலும் கொதிக்கிற சாற்றில் போட்டுத்தான் சாப்பிடுவோம்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு இந்தக் கீரையே பிடிக்காது. போன தடவை நான் பார்க்கவில்லை என்று நினைத்துத் தன் தட்டில் இருந்ததை எருக்குழியில் கொட்டினார். ஆனாலும் ஆகஸ்டு வந்தால் விதை அனுப்பு என்று அவரே கேட்பார். நான் அனுப்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எதைப் பற்றிப் பேசுவது?"

மகள் ஜப்பானுக்குத் திரும்பும் முன் ஜூன் மாதத்துக்கு இல்லத்தில் இடம் பதிவாகிவிட்டது. அவர் போன மறுநாள் ஆறு மணிக்குக் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கவில்லை. என் அறைக் கதவுதான் தட்டப்பட்டது. திறந்தால் வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க நிற்கிறார். கையில் கிண்ணம், அதில் எண்ணெய் வினிகர் சீனி எதுவும் படாத வெறும் இலை. "மகள் சொன்னாள். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்," என்றார். என் ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் சமைத்தேன். கடுகு வெடித்தபோது பின்னுக்குச் சாய்ந்தார். சோற்றில் பிசைந்து சாப்பிடத் தெரியாமல் சூப்பைப் போலக் கரண்டியால் எடுத்துக் குடித்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார். "சூடாக இருக்கிறது," என்றார். தட்டை வழித்துக்கொண்டே, "நவம்பரிலேயே சொல்லியிருக்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு தினமும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவர் மாடி ஏற வேண்டாம் என்று நான் சட்டியோடு கீழே இறங்கிப் போவேன். மிசுனா மூன்றாவது வாரத்தில் முற்றிவிட்டது. அப்புறம் கடையில் வாங்கிய பசலை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "இப்போது நிஜமாகவே என்னோடுதான் சாப்பிடுகிறார்," என்று அவர் சத்தமாகச் சொல்வது கேட்கும். ஒருமுறை ரிசீவரை என் கையில் கொடுத்தார். உண்மைதான், தினமும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றேன். "அம்மா சொல்லச் சொன்னாரா?" என்று மகள் மென்மையாகக் கேட்டார்.

ஜூனில் ஒரு டாக்சி வந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரு வானொலியும் ஏறின. முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுநரிடம் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீடு விற்பனைக்குப் போனது, நானும் வேறு அறை பார்த்துக்கொண்டேன். சாமான்களைக் கட்டும்போதுதான் கிண்ணம் என்னிடமே இருப்பது தெரிந்தது. இல்லத்துக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அங்கே ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் அவருடைய பெரிய புகார். மூன்று தடவையும் கிண்ணத்தைக் கொண்டுபோகவில்லை. மிசுனா போட்ட பருப்போடுதான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வீம்பு. இலை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. குளிர்காலம் வரட்டும், எங்கேயாவது விதை வாங்கித் தொட்டியில் போடுவோம் என்று இருந்தேன். அதற்குள் கம்பெனி என்னை ஸ்டுட்கார்ட்டுக்கு மாற்றியது. பிப்ரவரியில் கறுப்பு ஓரம் போட்ட சாவு அறிவிப்பு அட்டை ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது.

இரண்டு வருடத்துக்கு என்று வந்தவன் இன்னும் இங்கே ஜெர்மனியில்தான் இருக்கிறேன். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் கலப்பு இலைப் பையிலேயே மிசுனா வருகிறது. பையைப் பிரித்ததும் பல்பல்லான இலைகளை மட்டும் பொறுக்கித் தனியாக எடுத்து வைப்பேன். ஒரு பைக்கு ஒரு பிடிகூடத் தேறாது. பருப்பில் போட்டால் காணாமல் போய்விடும்.

அப்பா போன பிறகு அம்மா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். இங்கே வர மாட்டேன் என்கிறாள், நானும் அங்கே போகவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். குடிவரும் முன் நான்தான் தொலைபேசியில் பேசினேன். சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா, கீழே சத்தம் கேட்டால் இறங்கி வருவீர்களா என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வழக்கம்போலக் கேட்டேன், ராத்திரி தனியாகவா சாப்பிடுகிறாய் என்று. பேசும்போது துடைப்பதற்காக எடுத்த கிண்ணம் கையில் இருந்தது.

"தனியா எதுக்குடா? அந்தப் பிள்ளையும் நானும் தெனமும் சேந்துதான் சாப்பிடுதோம். ஒரு பேச்சுத் தொண இருக்கில்ல," என்றாள் அம்மா. பிறகு சந்தோஷமாக, "நல்லா வளத்துருக்காங்கடா அந்தப் பிள்ளைய. இத்தன நாள்ல ஒரு நாக்கூட ஏனத்த வெறுமனே திருப்பித் தந்ததில்ல, பாத்துக்கோ," என்றாள்.

என் விரல் கிண்ணத்தின் விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் எண் என் கைபேசியில் இருக்கிறது.

"நல்ல பிள்ளைம்மா," என்றேன்.